முன்பக்க மட்கார்டு

அக்டோபர் 5, சனி

காலை சர்க்கரை 184. தினமும் அளவைக் குறித்து, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இந்த நோட்டு அதற்காக வாங்கியது. மூன்று இட்லி. நடக்கவில்லை.

பதினொரு மணிக்கு சுதாகர் தம்பி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பின்னால் ஒரு மினி லாரி. அதில் என்ன இருக்கிறது என்று தார்ப்பாயை விலக்காமலே தெரிந்துவிட்டது. கைப்பிடியின் அகலத்தை வைத்தே கண்டுகொண்டேன்.

அவருடைய பழைய மோட்டோகிராஸ் வண்டி. 1984 மாடல், ஜப்பான், நூற்றிருபத்தைந்து சிசி. மண் மேட்டில் ஏறிப் பறந்து இறங்குவதற்கென்றே செய்தது. மூன்று வருடம் அவர் ஓட்டினார், நான் மெக்கானிக். 1987 பிப்ரவரியில் கிணத்துக்கடவு பக்கம் நடந்த பந்தயத்தில் விழுந்தார். வலது இடுப்பும் தொடையும் போய், ஒன்பது மாதம் படுக்கை. இன்றும் அந்தக் கால் ஒன்றரை இஞ்ச் குட்டை. அதற்குப் பிறகு வண்டி அவர்கள் மில் குடோனிலேயே கிடந்தது.

"டிசம்பர் எட்டாந்தேதி பழைய ரைடருங்க எல்லாம் ஒண்ணு கூடறமுங்ணா. அவனவன் பழைய வண்டியக் கொண்டாரான். இதை ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க."

"எனக்கு அறுபத்தஞ்சு ஆச்சுங்க தம்பி. முழங்கால் மடங்கறதில்லை. விவரமான ஆளுங்க வேற நெறையப் பேரு இருக்காங்களே."

"இந்த வண்டிய வேற ஒருத்தன் தொடறதா? நீங்க பூட்டுன வண்டிங்ணா இது."

இறக்கி வைத்தோம். களைப்பாக இருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை 176. ராகிக் கஞ்சி.

வண்டியைப் பிரித்தேன். இன்ஜின் பயந்த அளவுக்கு இல்லை. பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும். பிளாஸ்டிக்தான் எதுவும் தேறாது. பின்பக்க மட்கார்டைக் கட்டை விரலால் அழுத்தினேன், அப்பளம்போல் நொறுங்கியது. இரண்டு சைடு பேனலும் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது. முன் நம்பர் பிளேட் பாதிதான் இருக்கிறது.

முன்பக்க மட்கார்டு வண்டியில் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலை 190. சனிக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டதை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

சுதாகர் தம்பி தினமும் வந்துவிடுகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து, குட்டைக் காலை ஒரு டயர்மேல் வைத்துக்கொண்டு போனில் பாகங்களைத் தேடுகிறார். கம்பெனி இந்த வண்டிக்குப் பிளாஸ்டிக் செய்வதை நிறுத்தி முப்பது வருடம் இருக்கும். இப்போது பழைய அளவைப் பார்த்து வேறு ஆட்கள் புதிதாகச் செய்கிறார்கள். ரீப்ரோ என்று பெயர். அந்தக் காலத்தில் இதை டூப்ளிகேட் என்போம், கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வோம்.

மூன்று இடத்தில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, தாய்லாந்தில் ஒன்று, பெங்களூரில் ஒருவர். பெங்களூர்க்காரர் ஷீட்டைச் சூடாக்கி அச்சின்மேல் இழுத்துப் படியவைக்கிறாராம். அப்படிச் செய்தால் வளைவு வரும் இடத்தில் சதை மெலிந்துவிடும். மற்ற இருவரும் உருக்கி அச்சுக்குள் செலுத்துகிறவர்கள். துண்டு சாம்பிள் வாங்கிப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்றேன்.

ஸ்கூட்டர் சர்வீஸுக்கு வந்த ஒருவர், ஏன் பந்தயத்தை விட்டீர்கள் என்று தம்பியைக் கேட்டார்.

"பயந்துட்டனுங்க," என்றார் தம்பி. "மேட்டுல இருந்து எறங்கறப்ப மனசு தடுமாறி முன் பிரேக்கப் புடிச்சுட்டேன். அவ்வளவுதான், வண்டி தலைகுப்புற. தைரியம் இல்லாதவன் அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முப்பத்தேழு வருடமாக இதை இதே மாதிரிதான் சொல்கிறார், அதே இடத்தில் சிரிக்கிறார். நான் கார்புரேட்டர் ஜெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

அக்டோபர் 21, திங்கள்

காலை 171. இருபது நிமிடம் நடந்தேன்.

சாம்பிள் துண்டுகள் வந்துவிட்டன. சைடு பேனலில் சீட்டுக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் மட்டும் வெயில் படாமல் இருந்தது. அதுதான் வண்டியின் அசல் மஞ்சள். மூன்று துண்டையும் அதன் பக்கத்தில் வைத்து வாசலில் பார்த்தோம். தாய்லாந்து எலுமிச்சை மாதிரி பச்சை கலந்து நிற்கிறது. ஐரோப்பா பங்கனப்பள்ளித் தோல். பெங்களூர்தான் அச்சு அசல்.

"பாத்தீங்களா, நம்ம ஊர்ப் பக்கமே கெடைக்குது," என்றார் தம்பி.

நான் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்து மடக்கினேன். ஐரோப்பாத் துண்டு முழுக்க மடங்கி, விட்டதும் நிமிர்ந்தது. தாய்லாந்தும் அப்படித்தான், மடிப்பில் மட்டும் வெள்ளைக் கோடு. பெங்களூர்த் துண்டு பாதி மடங்கும்போதே பட்டென்று உடைந்தது. ஒரு சில்லு என் கன்னத்தில் பட்டது.

"ஓட்டப் போறதில்லையே, நிறுத்தி வைக்கத்தானே," என்றார்.

"உடையறது வேண்டாங்க தம்பி."

ஐரோப்பா என்று முடிவாயிற்று. நிறம் ஒரு மாற்றுக் குறைவு, பரவாயில்லை. லிஸ்ட் நான்தான் எழுதினேன்: பின் மட்கார்டு, சைடு பேனல் இரண்டு, நம்பர் பிளேட் மூன்று, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு மூடி, செயின் கார்டு.

அக்டோபர் 22, செவ்வாய்

காலை 201. வேலை செய்யவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. சர்க்கரை பார்க்கவில்லை.

வத்சலா அம்மா, சுதாகர் தம்பியின் மனைவி, பலகாரத்தோடு வந்தார். தம்பி காரிலேயே இருந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து மகன் என்றார் வத்சலா அம்மா. பிறகு என் மனைவி ருக்மணியிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"எங்க பையனுக்கு வண்டின்னா உசுரு, ருக்மணியக்கா. பதினேழு வயசுல பந்தயத்துக்குப் பேரு குடுத்துட்டு வந்து நின்னான். இவரு விடவே இல்லை. 'எங்கிட்ட இருக்கற பயம் உங்கிட்டயும் இருக்கும், அந்த நேரத்துல வந்து கழுத்தப் புடிக்கும்'னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவன் அப்பாகிட்ட மனசு விட்டுப் பேசுனதே இல்லை. இப்பவும் ரெண்டு நிமிசந்தான். மழையா, குளுரா, வெச்சர்றேன்."

அதிரசம் ஒன்று சாப்பிட்டேன். ருக்மணி திட்டினாள்.

நவம்பர் 6, புதன்

காலை 188.

பார்சல் வந்தது. படத்தில் இருந்ததற்கும் கைக்கு வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நல்ல சாமான். ஆனாலும் சைடு பேனலின் மேல் துளை நான்கு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. துளையைப் பெரிதாக்குவது சுலபம். செய்யவில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, இளகினதும் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறை உட்கார்ந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன.

சாயங்காலம் தம்பி வண்டியைச் சுற்றி வந்தார்.

"முன்னாடி மட்கார்டு எங்கீங்ணா?"

"அது இந்தப் பார்சல்ல இல்லீங்க."

"லிஸ்ட் நீங்கதான எழுதுனீங்க?"

"விட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஒரு வாஷரைக்கூட எழுதாமல் விடுகிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நவம்பர் 11, திங்கள்

காலை 214.

தம்பி ஒரு முன்பக்க மட்கார்டோடு வந்தார். எங்கோ பஸ் பாடி கட்டும் ஷெட்டில் சொல்லி ஃபைபரில் செய்து வாங்கியிருக்கிறார். மஞ்சள் கச்சிதம். பளபளப்பு கண்ணாடி.

"பழையபடி இருக்குதுங்ணா. இதையே பூட்டிர்லாம். அன்னிக்கும் ஃபைபர்தான போட்டிருந்தோம்?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.

அவரிடம் நான் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. அவர் மட்கார்டை மெதுவாகத் தரையில் வைத்தார். சர்க்கரை ஏறிவிட்டது, அதனால்தான் என்று சொன்னேன். அவர் தன் காரிலேயே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

ருக்மணி, "அந்த வண்டி வந்ததுல இருந்து நீங்க சரியில்லை," என்றாள். சாப்பிடவில்லை.

நவம்பர் 16, சனி

காலை 207.

இன்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மதியம் தூறல். ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரும் இல்லை. நேற்றே ஐரோப்பாக் கம்பெனிக்கு முன்பக்க மட்கார்டுக்கு ஆர்டர் சொல்லிவிட்டதாகத் தம்பி சொன்னார். "உங்களுக்குப் புடிக்காதது வேண்டாங்ணா, அந்த ஃபைபரைத் தூக்கிப் போட்டுட்டேன்," என்றார். அந்த வார்த்தை தாங்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் எதிரில் நின்றேன்.

"தம்பி, அன்னிக்கு நீங்க பிரேக்கப் புடிக்கலீங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பயிற்சியில் அசல் மட்கார்டு உடைந்தது. வேறு கிடைக்க வழியில்லை. ஃபைபரில் ஒன்றை இரண்டே நாளில் செய்து வாங்கி, பெயின்ட் அடித்துப் பூட்டியது நான்தான். பந்தயத்தன்று காலை வண்டியைக் கழுவும்போது இடது போல்ட் துளையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்தேன். மட்கார்டு இல்லாமல் வண்டியை விடமாட்டார்கள். விரிசலைச் சொன்னால் தம்பி அன்று ஓட்ட முடியாது. அன்று ஜெயித்தால் ஜப்பானில் பயிற்சிக்குப் போகலாம் என்று பேச்சு இருந்தது, மெக்கானிக்கையும் அழைத்துப் போவார்கள் என்றும் பேச்சு. ஏழு ரவுண்டுதானே, தாங்கும் என்று நினைத்தேன். விரிசல் மறைகிற அளவுக்குப் பெரிய வாஷராகப் பார்த்துப் போட்டு இறுக்கினேன். அதன்மேல் கொஞ்சம் சேறும் தடவினேன், சோதிக்கிறவர் கண்ணில் படக்கூடாது என்று.

"நாலாவது ரவுண்டுல அந்தப் பெரிய மேட்டுக்கு எதிர்ல நின்னு பாத்துட்டிருந்தனுங்க. நீங்க சுத்தமா எறங்குனீங்க. நாலு வெரலும் கைப்பிடியிலதான் இருந்துச்சு, பிரேக்குல இல்லை. எறங்குன அதிர்வுல மட்கார்டு உடைஞ்சு, சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல போய்ச் சிக்குச்சு. சக்கரம் நின்னுபோச்சுங்க."

தம்பி டயர்மேல் வைத்திருந்த காலைக் கீழே இறக்கினார்.

"நான்தான் மொதல்ல ஓடியாந்தேன். வந்து உங்களத் தூக்கலீங்க தம்பி. மட்கார்டு துண்டத்தான் தூக்கினேன். அதச் சட்டைக்குள்ள சொருகிட்டு அப்புறந்தான் உங்ககிட்ட வந்தேன்."

அந்தத் துண்டுகளை மில் பாய்லரில் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

பிறகு அவர், "நாலு வெரலும்?" என்று கேட்டார்.

"நாலும்ங்க."

தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஷட்டருக்குக் கீழே குனிய முடியாமல் குனிந்து வெளியே போனார். நான் ஷட்டரைத் தூக்கிவிடப் போனேன். "தொடாதீங்க," என்றார். ஷட்டரைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

காலை 160. காரணம் தெரியவில்லை.

நவம்பர் 25, திங்கள்

காலை 169. கோதுமை தோசை.

ஒன்பது நாளாக அவர் வரவில்லை. வண்டியை எடுக்க ஆளும் வரவில்லை. நான் செயினுக்கு எண்ணெய் விட்டேன், துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.

இன்று போன் செய்தார்.

"ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப எனக்கு விழுந்தது எதுவுமே ஞாபகமில்லை. பிரேக்கப் புடிச்சுட்டேன்னு மொதல்ல யாரு சொன்னது?"

இதைப் பதினாறாம் தேதி சொல்லாமல் விட்டேன். இந்த நோட்டிலும் எழுதாமல்தான் விட்டிருக்கிறேன்.

"நாந்தானுங்க. உங்க அப்பா கேட்டாரு. பயந்து பிரேக்கப் புடிச்சுட்டாராட்ட இருக்குதுன்னு சொன்னேன்."

"எங்கப்பா சாகற வரைக்கும் என்னையக் கோழைன்னுதான் நெனச்சாரு. எம் பையன்கிட்ட நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."



"எட்டாந்தேதி எல்லாரும் வருவாங்க. எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும், நானே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அங்க வந்து நீங்க சொல்லணும். எங்கிட்ட சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம."

சரிங்க என்றேன். பேச்சு முழுவதிலும் ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

காலை 181.

முன்பக்க மட்கார்டு வந்துவிட்டது. தம்பியே கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்து, இரண்டு முனையையும் பிடித்து வில் மாதிரி வளைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையையும் சுற்றி விரலை ஓட்டினார். நான் ஸ்பேனரை எடுத்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

குனிந்து போல்ட் போடுவது அவருக்குச் சிரமம். தரையில் சாக்கு விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எடுத்துப் பூட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை. ஒரு வாஷர் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை 192. சாப்பிடவில்லை. ருக்மணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். எங்கே போகிறேன், எதற்கு என்று நேற்றுதான் அவளிடம் சொன்னேன். "முப்பத்தேழு வருசமா எங்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தென்னந்தோப்பை ஒட்டின மைதானம். பதினான்கு வண்டிகள். அறுபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். "மருதாசலண்ணா, எப்படி இருக்கீங்க?" என்று கையைப் பிடித்தவர்களிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. மஞ்சள் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். பிளாஸ்டிக் எங்கே வாங்கியது, நிறம் எப்படி ஒத்துப்போனது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் தம்பி எழுந்து, "மருதாசலம் ஒண்ணு சொல்லணுங்கறாரு," என்றார்.

மைக் வேண்டாம் என்றேன். எழுதிக் கொண்டுபோயிருந்தேன், எடுக்கவில்லை. விரிசலைச் சொன்னேன். வாஷரைச் சொன்னேன். எதை முதலில் தூக்கினேன் என்று சொன்னேன். பிரேக் என்பது நான் சொன்ன பொய், இவர் பிரேக்கைத் தொடவில்லை, பயப்படவுமில்லை என்று சொன்னேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

தம்பியோடு அந்தக் காலத்தில் ஓட்டிய கோபிநாத், காலையில் என்னைக் கட்டிப்பிடித்தவர், தன் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இன்னொருவர், "அந்தப் பையனோட வாழ்க்கைய்யா," என்றார். அந்தப் பையனுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வத்சலா அம்மா போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். அதன் திரையில் ஒரு முகம். கனடாவில் அப்போது விடிந்திருக்காது.

வெளியேறிவிடலாம் என்று நடந்தேன். தம்பியின் குரல் கேட்டது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணணும். எனக்கு வலது கால்ல உதைக்க முடியாது. வந்து உதைங்க."

எத்தனையோ பேர் இருந்தார்கள், என்னைக் கூப்பிட்டார். அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். வத்சலா அம்மா, "என்னங்க, வேண்டாங்க," என்றார். என் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது உதையில் பிடித்தது.

மெதுவாகத்தான் போனார். மைதானத்தை ஒரு சுற்று, உட்கார்ந்தபடியே. சிறுவர்கள் சைக்கிள் விடுவதற்குப் போட்ட மண் மேடு ஒன்று கோடியில் இருக்கிறது, இடுப்புயரம். அதைச் சுற்றி வளைத்துப் போவார் என்று நினைத்தேன். நேராக அதை நோக்கித் திருப்பினார். யாரோ கத்தினார்கள். சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. அரை விநாடி இருக்கும். நான் அவர் கையைப் பார்க்கவில்லை, மட்கார்டைத்தான் பார்த்தேன். வண்டி இறங்கியது. மட்கார்டு கீழே வளைந்து, மேலே நிமிர்ந்து, அப்படியே நின்றது. வண்டி கொஞ்சம் தள்ளாடி நேராகி வந்தது.

என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினபோது முகமெல்லாம் வேர்வை. நவம்பர் பதினாறுக்குப் பிறகு இன்றுதான் என் கண்ணைப் பார்த்தார்.

"பயந்துதான் போனேன்," என்றார். "பிரேக்கத் தொடலை."

வண்டியை என்னிடம் கொடுக்காமல் தானே இறங்கி உருட்டிக்கொண்டு, மனைவியும் அந்தப் போனும் இருந்த பக்கம் போனார். கால் குட்டையான மனிதர், மண்ணில் தொண்ணூறு கிலோ வண்டி. ஓடிப்போய்ப் பின்னால் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றேன்.